திருகோணமலையில் நாய் வளர்ப்பவர்களுக்கு: ஜூலியின் முழங்காலும் எங்களுக்கு வந்த எக்ஸ்ரே படமும்

எங்கள் ஜூலிக்கு ஆறு வயது. லப்ரடோர் கலப்பு. தை மாதம் ஒரு பின்னேரம் டச்சுக் குடாக் கடற்கரையில் காகத்தைத் துரத்திக்கொண்டு ஓடியவள், மணலில் சட்டென்று திரும்பினாள். ஒரு சின்னக் கத்தல். பிறகு வலது பின்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து நான்கு மாதம் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். எங்களை ஏமாற்றியவர் இன்றைக்கும் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் செய்த விதத்தை எழுதினால் இன்னொரு வீட்டு நாயாவது தப்பும்.

கால் அடிபட்டது சனிக்கிழமை. அரச மிருக வைத்திய அலுவலகம் திங்கள்தான் திறக்கும். முப்பத்தொரு கிலோ நாயை ஆட்டோவில் ஏற்றுவதும் லேசில்லை. பக்கத்து வீட்டில் ஒரு இலக்கம் தந்தார்கள், "வீட்டுக்கே வருவார், நல்ல டொக்டர்" என்று. அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். மரியாதையாகக் கதைத்தார். ஜூலியின் தலையைத் தடவினார். காலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, இது சுளுக்குத்தான். நரம்பு பிடிச்சிருக்கு. வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகும்" என்றார்.

முழங்காலை அவர் தொடவே இல்லை. இதை நான் கவனித்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அதுதான் மனதைக் குத்துகிறது.

ஒவ்வொரு ஊசிக்கும் 4,500 ரூபாய். ஊசி போட்ட இரண்டு நாளைக்கு ஜூலி துள்ளுவாள், நாங்களும் சந்தோசப்படுவோம். நாலாம் நாள் மறுபடியும் நொண்டல். என்ன ஊசி என்று கேட்டால் "நோவுக்கு, வீக்கத்துக்கு" என்பார். எழுதித் தரச் சொன்னால் அடுத்த முறை என்பார். கூடவே கடதாசியில் சுற்றி வெள்ளைக் குளிசைகள் தந்தார், காலையும் இரவும் ஒவ்வொன்று. மூன்றாவது வாரம் ஜூலி வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். ஒருநாளும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காதவள், இரவில் விறாந்தையிலேயே போய்விட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். நாலாவது வாரம் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. அவருக்குச் சொன்னேன். "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சோறும் தயிரும் குடுங்க" என்றார்.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகுதான் அவருடைய பேச்சு மாறியது. முழங்கால் எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கிற ஜவ்வு கிழிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தானே கொண்டுபோய் எடுத்து வருவதாகச் சொல்லி ஜூலியை வானில் ஏற்றிக்கொண்டு போனார். நாற்பது நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். 6,000 ரூபாய். இரவு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பின்னாலேயே குரல் பதிவு: "அக்கா, வடிவாகப் பாருங்க, எக்ஸ்ரேயில் ஜவ்வு அறுந்தது தெளிவாகத் தெரியுது. கொழும்பிலிருந்து பெரிய சேர்ஜன் ஒருவர் அடுத்த கிழமை வாறார். பிளேட் வைக்க 180,000. இப்ப 60,000 போட்டால் திகதி பிடிக்கலாம். தாமதித்தால் கால் போய்விடும்."

கால் போய்விடும் என்ற சொல்லுக்கு நான் பயந்தேன். அடுத்த நாள் காலை வங்கியில் காசு போட்டேன். சேர்ஜன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. முதலில் மழை என்றார், பிறகு வாகனம் பழுது என்றார், அதற்குப் பிறகு தொலைபேசியே எடுக்கவில்லை.

இதற்கிடையில் என் தங்கை வீட்டுக்கு வந்தாள். அவள் பாமசியில் வேலை செய்கிறவள். மிச்சக் குளிசைகளை எடுத்துப் பார்த்தவுடன், "அக்கா, இது டைக்ளோபினாக், நாங்கள் மூட்டு நோவுக்குப் போடுறது. நாய்க்கு இதைக் குடுக்கக் கூடாது" என்றாள். அந்த இரவே ஒரு வானைப் பேசினோம்.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பேராதனையில் உள்ள மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க ஜூலியின் தலை என் மடியில். அங்கே எடை பார்த்தபோது 36 கிலோ. ஐந்து கிலோ ஏறியிருந்தது. ஆனால் வலது தொடையில் சதை வற்றி, இடது தொடையின் பாதியாக இருந்தது.

பரிசோதித்த வைத்தியர் முதலில் ஜூலியை நடக்கவிட்டுப் பார்த்தார், பிறகு இருக்கவிட்டுப் பார்த்தார். நல்ல முழங்கால் உள்ள நாய் இரண்டு காலையும் மடித்து நேராக இருக்கும். ஜூலி வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருந்தாள். மாதக்கணக்காக அப்படித்தான் இருந்தாள், நாங்கள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தோம். பிறகு மயக்க ஊசி போட்டுத் தசைகளைத் தளரவிட்டு முழங்காலைக் கையில் எடுத்தார். ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னுக்குத் தள்ளினார். எலும்பு வழுக்கிக்கொண்டு முன்னே வந்தது. பக்கத்தில் நின்ற தமிழ் மாணவி ஒருத்தி எனக்கு விளங்கப்படுத்தினாள்: "மேசை லாச்சியை இழுக்கிற மாதிரி வருது பாருங்க அம்மா. முன் ஜவ்வு இருந்தால் இப்படி வராது." முழுதாக அறுந்திருந்தால் இந்த லாச்சிச் சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பாதி கிழிந்திருந்தால் சில நேரம் தெரியாது. பெரிய நாய் தசையை இறுக்கி வைத்திருந்தாலும் மயக்கம் கொடுக்காமல் சரியாகப் பார்க்க முடியாது. ஐந்து வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு முறைகூடச் செய்யாதது இதைத்தான்.

நான் தொலைபேசியை எடுத்து அந்த எக்ஸ்ரே படத்தைக் காட்டினேன். வைத்தியர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் நாய்க்கு வயது என்ன?" என்று திரும்பக் கேட்டார். ஆறு என்றேன். படத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தது. வளர்கிற குட்டியின் எலும்பில்தான் அந்தக் கோடு இருக்குமாம். பெரிய இன நாய்களுக்குக்கூட ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும். ஆறு வயது நாயின் காலில் அது இருக்கவே முடியாது. வேறு யாரோ வளர்த்த ஒரு குட்டியின் கால் அது.

இன்னொன்றும் சொன்னார். எக்ஸ்ரேயில் ஜவ்வே தெரியாது. மூட்டில் நீர் சேர்ந்திருப்பது, எலும்பு ஓரத்தில் முள் போல வளர்ந்திருப்பது, வேறு எலும்பு வருத்தம் இருக்கிறதா என்பது, இவைதான் தெரியும். "எக்ஸ்ரேயில் ஜவ்வு அறுந்தது தெரிகிறது" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள்.

கறுப்பு மலம் வயிற்றுப் புண்ணிலிருந்து கசிந்த இரத்தம். தண்ணீர் குடித்ததையும் எடை ஏறியதையும் வைத்துப் பார்த்தால் ஊசி ஸ்டீரொயிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஸ்டீரொயிட்டையும் டைக்ளோபினாக் போன்ற நோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நாயின் குடல் ஓட்டையாகிச் சாகவும் கூடும். ஊசியின் பெயர் தெரிந்திருந்தால் வைத்தியம் இலகுவாக இருந்திருக்கும். மருந்தின் பெயரை எழுதித் தராதவரிடம் ஊசி போட விடாதீர்கள், ஒரு ஊசிகூட வேண்டாம்.

சிகிச்சையை முடிவெடுக்கும் நேரத்தில் இந்த வைத்தியர் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. பதினைந்து கிலோவுக்குக் குறைந்த சின்ன நாய்களில் பல, ஆறு எட்டு வாரம் கட்டி வைத்து எடையைக் குறைத்தால் ஓரளவு தேறிவிடும். ஜூலி அளவு நாய்க்கு அது போதாது, மூட்டு தேய்ந்துகொண்டே போகும். ஒப்பரேசன் இரண்டு விதம் சொன்னார். ஒன்று, மூட்டுக்கு வெளியே உறுதியான நைலோன் இழையால் கட்டி ஜவ்வின் வேலையைச் செய்ய வைப்பது. செலவு குறைவு, ஆனால் பாரமான, துள்ளுகிற நாயில் இழை தளரலாம், அறுந்தும் போகலாம். மற்றது டி.பி.எல்.ஓ. என்பது. கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை வளைவாக வெட்டி, சரிவு குறையும்படி திருப்பி, பிளேட்டும் ஆணியும் போட்டுப் பூட்டுவார்கள். சரிவு குறைந்தால் எலும்பு முன்னுக்கு வழுக்காது, அறுந்த ஜவ்வு இல்லாமலே கால் நிற்கும். செலவு அதிகம், பழகிய கை வேண்டும், எலும்பு பொருந்த எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஓடவோ பாயவோ விடக்கூடாது. எதைச் செய்தாலும் எடை குறைய வேண்டும். ஒரு முழங்கால் போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்ற முழங்காலும் பிறகு போகிறதாம். இதைக் கேட்டபோதுதான் அந்த ஐந்து கிலோவின் பாரம் எனக்கு விளங்கியது.

"தாமதித்தால் கால் போய்விடும் என்றாரே?" என்று கேட்டேன். வருடக்கணக்கில் விடக்கூடாது, ஆனால் வயிற்றுப் புண் ஆறும்வரை சில வாரம் பொறுப்பதால் கால் போகாது என்றார். புண்ணோடு மயக்கம் கொடுத்து வெட்டுவதுதான் ஆபத்து.

நாங்கள் டி.பி.எல்.ஓ. என்று முடிவெடுத்தோம். எல்லாருக்கும் இது முடியாது என்று தெரியும். நைலோன் கட்டைத் தெரிவு செய்பவர்களையும் நான் பிழை சொல்லமாட்டேன், கையில் இருக்கிற காசையும் பார்த்துத்தானே முடிவெடுக்க வேண்டும். ஜூலி இப்போது 32 கிலோ. மலம் சரியாகிவிட்டது. வீட்டில் வழுக்குகிற மாபிள் தரை முழுக்கப் பழைய பாய்களை விரித்திருக்கிறோம். வெளியே போவது கயிற்றில், ஐந்து நிமிடம் மட்டும். இன்னும் இரண்டு கிலோ குறைந்ததும் ஒப்பரேசன்.

அவரிடம் போன காசு எல்லாமாக 88,500 ரூபாய். இலங்கையில் மிருக வைத்தியம் செய்கிறவர் 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் கேட்டது காசு போன பிறகு. அன்றே என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். பற்றுச்சீட்டு ஒன்றும் தரவில்லை, ஆனால் 60,000 போட்ட வங்கிச் சீட்டு என்னிடம் இருக்கிறது. முறைப்பாட்டில் கைகொடுப்பது அதுவும் அந்தக் குரல் பதிவும்தான்.

எங்களைப் போல வேறு யாருக்காவது இவர் எக்ஸ்ரே அனுப்பியிருந்தால், தயவுசெய்து உங்கள் தொலைபேசியில் தேடிப் பாருங்கள். இடது மேல் மூலையில் பாதி வெட்டுப்பட்ட ஓர் ஆங்கில எழுத்து, முழங்காலுக்குக் கீழே குறுக்காக மெல்லிய கறுப்புக் கோடு, வலது ஓரத்தில் காலைப் பிடித்திருக்கும் ஒருவரின் இரண்டு விரல். அதே படம்தான் உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காதீர்கள். அதோடு பொலிஸுக்குப் போங்கள், எங்கள் முறைப்பாட்டோடு உங்களுடையதும் சேரட்டும்.