மொபில் 1 இஎஸ்பி 5டபிள்யூ-30: கேனோட பின்பக்கத்தப் படிச்சு வாங்கின ஆயில்

இந்த ஆயில ரெண்டு சர்வீஸா போட்டு ஓட்டிட்டு இருக்கேன், மொத்தமா ஒரு இருபதாயிரம் கிலோமீட்டர் ஆச்சு, திருப்தியா இருக்கு, என் வண்டிக்கு இனிமேயும் இதுதான். ஆனா நல்ல ஆயில்னு ஒரே வார்த்தைல சொல்லி முடிச்சா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா இதுக்கு முன்னாடி என் வண்டில ஊத்தினதும் நல்ல ஆயில்தான், பேரு கெட்ட கம்பெனி ஒன்னும் இல்ல, அதுவும் 5டபிள்யூ-30, அதுவும் ஃபுல் சிந்தெடிக். என் எஞ்சினுக்கான ஆயில் இல்ல, அவ்வளவுதான். அந்த ஒரு வித்தியாசத்தப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு டிபிஎஃப் அடைச்சுக்க வேண்டியிருந்துச்சு.

என்னோடது டர்போ டீசல், ஃபோக்ஸ்வேகன் குரூப் எஞ்சின், ஒன்னேகால் லட்சம் ஓடின வண்டி. டிபிஎஃப்னா தெரியும்ல, புகைல வர்ற கரிய வெளிய விடாம பிடிச்சு வைக்கிற ஃபில்டர். கரி சேர்ந்ததும் வண்டியே அத 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரிச்சு காலி பண்ணிடும், அதத்தான் ரீஜென்னு சொல்றாங்க. என் வண்டில கிட்டத்தட்ட 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ அது நடக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா 300 ஆச்சு, கடைசில 150க்கே வர ஆரம்பிச்சுச்சு, வண்டிய நிறுத்தி சாவிய எடுத்த பிறகும் ஃபேன் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், கிட்டப் போனா சூடான வாடை அடிக்கும். நானும் டீசல் சரியில்லையோ சென்சார் போச்சோன்னு எதெதுவோ பாத்தேன். ஒரு நாள் டாஷ்ல மஞ்ச லைட்டு வந்துடுச்சு. டிபிஎஃப்ப கழட்டி க்ளீன் பண்ணக் குடுத்தப்ப உள்ளேர்ந்து வந்தது கறுப்புக் கரி இல்ல, வெளுத்துப்போன சாம்பல், பவுடர் மாதிரி.

அங்கதான் எனக்கு விஷயமே விளங்குச்சு. கரி எரியும், சாம்பல் எரியாது. அந்த சாம்பல்ல பெரும்பகுதி டீசல்லேர்ந்து வர்றதில்ல, எஞ்சின் ஆயில்லேர்ந்து வருது, ஆயில்ல சுத்தம் பண்றதுக்கும் தேய்மானத்த தடுக்கறதுக்கும் போடுற கால்சியம், மெக்னீசியம், ஜிங்க் இதெல்லாம் ஆயில் கொஞ்சம் கொஞ்சமா எரியும்போது சாம்பலா மாறி ஃபில்டர்ல போய் உக்காந்துக்கும், எத்தன ரீஜென் ஓடினாலும் போகாது. பழைய சர்வீஸ் பில்ல எல்லாம் எடுத்துப் பாத்தேன், மூணு பில்லுலயும் "5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக்"னு மட்டும்தான் இருக்கு, வேற ஒரு எழுத்து இல்ல. அந்த வொர்க்‌ஷாப்புக்கே போய் அதே ஆயில் கேன கேட்டு வாங்கித் திருப்பிப் பாத்தேன். ஏசிஇஏன்னு ஐரோப்பிய வண்டிக் கம்பெனிகளோட சங்கம் வகுத்த ஏ3/பி4 வகை, கூடவே விடபிள்யூ, அதாவது ஃபோக்ஸ்வேகனோட சொந்த ஸ்பெக் நம்பர் 502 00/505 00. என் மேனுவல்ல போட்டிருக்கறது 507 00. ஏ3/பி4 வகை ஆயில்ல சல்ஃபேட்டட் ஆஷ்னு சொல்ற சாம்பல் அளவு 1.0லேர்ந்து 1.6 சதவீதம் வரைக்கும் போலாம், என் வண்டிக்கு வேண்டிய, ஏசிஇஏவோட இன்னொரு வகையான சி3ல 0.8க்கு மேல போகவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்க.

ஆயில் மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், எந்த ஆயில் போட்டாலும் லட்சம் கிலோமீட்டர் தாண்டினா சாம்பல் சேரத்தான் செய்யும். ஆனா மூணு சர்வீஸ் தப்பான ஆயில்ல ஓடினது அத சீக்கிரம் கொண்டுவந்துச்சு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இன்னொன்னு, ரீஜென் அடிக்கடி வந்து பாதில நின்னுட்டா அதுக்காக எக்ஸ்ட்ராவா அடிக்கிற டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா கீழ இறங்கி ஆயில்ல கலந்துடும், டிப்ஸ்டிக்ல லெவல் குறையறதுக்குப் பதிலா ஏறும். எனக்கு ஏறிச்சு. லெவல் ஏறுதுன்னா ஆயில் குடிக்கலன்னு சந்தோஷப்படற விஷயம் இல்லைங்க அது.

இப்ப இந்த 5டபிள்யூ-30ங்கற நம்பருக்கு வர்றேன், ஏன்னா நம்மள்ல முக்காவாசிப் பேரு இத மட்டும் பாத்துத்தான் வாங்குறோம். இது செருப்பு சைஸ் மாதிரி. எட்டாம் நம்பர்னா காலுக்குப் பொருந்தும்னு தெரியும், மழைல நடக்க ஆகுமா மலை ஏற ஆகுமான்னு அந்த எட்டு சொல்லாது. டபிள்யூன்னா விண்டர், 5டபிள்யூன்னா மைனஸ் 30 டிகிரி குளிர்ல எஞ்சின சுத்த விடுற அளவுக்கு இளக்கமா இருக்கணும், மைனஸ் 35லயும் பம்ப் இழுக்கற மாதிரி இருக்கணும்னு கணக்கு. பின்னாடி இருக்கற 30ங்கறது 100 டிகிரி சூட்டுல அதோட திக்னஸ் 9.3லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும்ங்கறது. அவ்வளவுதான் அந்த நம்பர் சொல்ற சேதி. அதே 5டபிள்யூ-30ல கூட ரெண்டு ஆயில் ஒன்னா இருக்காது, 150 டிகிரில வேகமா தேய்க்கும்போது எவ்வளவு திக்கா நிக்குதுன்னு பாக்கற எச்டிஎச்எஸ்னு ஒரு அளவு இருக்கு, சாதா 5டபிள்யூ-30க்கு 2.9 இருந்தா போதும், சி3 வாங்கணும்னா 3.5க்கு குறையக் கூடாது. டர்போ பேரிங்கும் கேம்ஷாஃப்ட்டும் பாக்கறது இந்த நம்பரத்தான். கேன் முன்பக்கத்துல இது இருக்கவே இருக்காது.

சரி, இந்த மொபில் ஆயில ஏன் எடுத்தேன்னா, எனக்குப் பிடிச்சது அதோட டேட்டா ஷீட். ஒவ்வொரு ஆயிலுக்கும் கம்பெனி சைட்டுல ப்ராடக்ட் டேட்டா ஷீட்னு ஒரு பக்கம் இருக்கும், நெட்ல பேர் போட்டுத் தேடினா வந்துடும். இதுல அவங்க மூணு தனித்தனி தலைப்பா பிரிச்சிருக்காங்க. முதல்ல இந்த ப்ராடக்டுக்கு இந்தந்த அப்ரூவல் இருக்குன்னு ஒரு பட்டியல், அப்புறம் இந்தந்த ஸ்டாண்டர்டோட தேவைய பூர்த்தி பண்ணுதுன்னு ஒன்னு, அப்புறம் இந்தந்த ஸ்பெக் கேக்கற வண்டிக்கு நாங்க சிபாரிசு பண்றோம்னு ஒன்னு. படிக்கறப்ப எல்லாம் ஒன்னு மாதிரியே தெரியும். இல்ல. மூணும் மூணு வேற விஷயம்.

அப்ரூவல்னா அந்த ஆயில வண்டிக் கம்பெனிகிட்டக் குடுத்து, அவங்க சொன்ன எஞ்சின் டெஸ்ட்டெல்லாம் பாஸ் பண்ணி, எழுத்துல சம்மதம் வாங்கினதுன்னு அர்த்தம். பூர்த்தி பண்ணுதுங்கறது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கறது, அவங்ககிட்ட டெஸ்ட் ரிசல்ட் இருக்கலாம், ஆனா வண்டிக் கம்பெனி அதுல கையெழுத்துப் போடல. சிபாரிசு இன்னும் ஒரு படி கீழ. பூர்த்தி பண்ணுதுன்னு போட்டவங்க எல்லாம் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, அப்ரூவல் வாங்கறதுக்கு நிறைய செலவு ஆகும், சின்ன கம்பெனிங்க அதுக்காகவே போகாம இருக்கலாம், ஆயில் உண்மையிலேயே நல்லா இருக்கலாம். ஆனா வாரண்டில இருக்கற வண்டிக்கு எஞ்சின் பிரச்சனைன்னு போய் நின்னா என்ன ஆயில் போட்டீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க, அப்ப அந்த ஒரு சொல்லு பெருசா நிக்கும். இந்த இஎஸ்பி 5டபிள்யூ-30ல எனக்கு வேண்டிய விடபிள்யூ 504 00/507 00 முதல் தலைப்புக்குக் கீழயே இருக்கு, கூடவே போர்ஷே சி30யும் மெர்சிடிஸோட 229.51ம் இருக்கு. மெர்சிடிஸ் வச்சிருக்கறவங்க ஒன்னு கவனிங்க, முறையா வாங்கின ஆயில்ல "எம்பி-அப்ரூவல் 229.51"னு அந்த வார்த்தையோடயே அச்சடிச்சிருப்பாங்க, அப்ரூவல்ங்கற சொல் இல்லாம நம்பர் மட்டும் இருந்தா மெர்சிடிஸ் நெட்ல போட்டிருக்கற லிஸ்ட்ல அந்த ஆயில் பேர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

ஏபிஐ, ஏசிஇஏ ரெண்டும் அடிப்படை. ஏபிஐங்கறது லைசன்ஸ் குடுக்கற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு, வளையம் மாதிரி ஒரு முத்திரை இருக்கும், லைசன்ஸ் உண்மையான்னு அவங்க டைரக்டரில தேடலாம், பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கான அவங்க தரத்துல எஸ்என் 2010ல வந்துச்சு, எஸ்பி 2020ல, எஸ்க்யூ 2025ல. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் வண்டி வச்சிருக்கறவங்க எஸ்பிக்குக் கீழ போகாதீங்க, குறைஞ்ச வேகத்துல ஆக்சிலரேட்டர அமுக்கும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கிட்டு பிஸ்டன உடைக்கற பிரச்சனைக்கும் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் அதுலதான் டெஸ்ட் சேத்திருக்காங்க. ஏசிஇஏ அப்படி லைசன்ஸ் குடுக்கறதில்ல, அவங்க விதிய எழுதறாங்க, அதுக்கு ஏத்த மாதிரி இருக்குன்னு ஆயில் கம்பெனி தன் பொறுப்புல சொல்லிக்குது. அதனாலதான் மேனுவல்ல வண்டிக் கம்பெனியோட நம்பர் இருந்தா நான் அதத்தான் முதல்ல பாப்பேன், மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஓட்டினதுல எப்படின்னா, முதல் ஸ்டார்ட்ல டக் டக்னு வர்ற சத்தம் சீக்கிரம் அடங்குது, பத்தாயிரத்துக்கு ஒரு தடவ மாத்தறேன், நடுவுல டாப்-அப் பண்ண வேண்டி வரல, டிப்ஸ்டிக்ல லெவல் ஏறவும் இல்ல. ரீஜென் இப்ப 450 பக்கம் வருது, ஆனா அது டிபிஎஃப் க்ளீன் பண்ணினதால, ஆயில் பண்ணின அதிசயம் இல்ல. ஆயில் வேலை இனிமே சாம்பல் சேராம பாத்துக்கறது, அது இன்னும் நாப்பது அம்பதாயிரம் ஓடினாத்தான் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர்லயே ஆயில் கறுப்பாயிடுச்சேன்னு ஒரு நண்பர் பயந்தாரு, டீசல் எஞ்சின்ல அப்படித்தான் ஆகும், கரிய எஞ்சின்ல ஒட்ட விடாம தன்கிட்ட இழுத்து வச்சிருக்குன்னு அர்த்தம். மைலேஜ்ல ஒன்னும் வித்தியாசம் தெரியல, பிக்கப் கூடிச்சுன்னும் சொல்ல மாட்டேன்.

குறைன்னா ரெண்டு இருக்கு. விலை கூட, அது ஒன்னு. இன்னொன்னு பேரு, இது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கற விஷயம். இதே குடும்பத்துல இஎஸ்பி எக்ஸ்2 0டபிள்யூ-20ன்னு இன்னொன்னு இருக்கு, அது விடபிள்யூ 508 00/509 00க்கு உள்ளது, ரொம்ப இளக்கம். பேருல நடுவுல அந்த எக்ஸ்2வும் பின்னாடி வர்ற நம்பரும் மட்டும்தான் வித்தியாசம், அவசரத்துல மாத்தி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? 507 கேக்கற என் எஞ்சின்ல அத ஊத்தினா சூட்டுல படலம் மெல்லிசாப் போயிடும். புதுசா இருக்கறதால மேலானதுன்னு நினைச்சுடாதீங்க, இங்க நம்பர் கூடக் கூட எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தும்னு விதி கிடையாது. அப்ரூவல் எல்லாம் பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு, நான் ஃபோன் டார்ச் அடிச்சு ஒரு வரி ஒரு வரியா விரல் வச்சுப் படிச்சுத்தான் எடுத்தேன். முன்பக்கத்துலயே ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்னு தோணுச்சு.

யாரு இத வாங்க வேண்டாம்னா, மேனுவல்ல 508/509 இருக்கறவங்க வேண்டாம். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடுற எஞ்சின் இருக்கே, ஃபோர்டோட 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் மாதிரி, அவங்க கம்பெனி சொன்ன ஸ்பெக்க விட்டு இம்மி நகரக் கூடாது, ஒத்துவராத ஆயில் அந்த பெல்ட்ட அரிச்சு துகள் துகளாக்கி ஆயில் பம்ப்போட வலைய அடைச்சுடும். பைக்குல ஊத்தவே ஊத்தாதீங்க, க்ளட்ச் ஆயில்லயே நனைஞ்சு ஓடுற பைக்குக்கு ஜேசோங்கற ஜப்பான் தரத்துல எம்ஏ இல்லாட்டி எம்ஏ2ன்னு போட்ட ஆயில்தான் வேணும், கார் ஆயில்ல வழுக்கலுக்காகப் போடுற சாமான் க்ளட்ச்ச வழுக்க விட்டுடும். அப்புறம் டீசல்ல சல்ஃபர் அதிகமா இருக்கற இடங்கள்ல இந்த மாதிரி சாம்பல் குறைஞ்ச ஆயில் சீக்கிரம் தளர்ந்துடும், ஆசிட்ட சமாளிக்கற சரக்கு இதுல கம்மி, அதனால ஒரே வண்டிக்கு வேற வேற நாட்டு மேனுவல்ல வேற வேற ஸ்பெக் இருக்கும், உங்க கைல இருக்கற மேனுவலத்தான் பாக்கணும், நெட்ல கிடைச்ச வெளிநாட்டு பிடிஎஃப்ப இல்ல. அதே மாதிரி ஒரே பேருல இருக்கற ஆயில் கூட இடத்துக்கு இடம் லேபிள் மாறலாம், நான் எழுதினத நம்பி எடுக்காம உங்க கைல இருக்கற கேனப் படிங்க.

போன சர்வீஸ்ல நானே கேன கொண்டுபோய்க் குடுத்தேன், மூடி சீல் இருக்கான்னு பாத்துட்டு மெக்கானிக் அண்ணன் முன்னாடியே திறந்தோம், பில்லுல ஆயிலோட முழுப் பேரும் "507 00 அப்ரூவல்"ங்கறதும் எழுதித் தரச் சொன்னேன், அவரும் முகம் சுளிக்காம எழுதினாரு. மீதி இருந்தது முக்கா லிட்டர் இருக்கும், அத டிக்கில வச்சிருக்கேன், வழில லெவல் குறைஞ்சா கண்டதையும் ஊத்த வேண்டாம்னு. பில்லு மேனுவலுக்குள்ள, ஆயில் ஸ்பெக் இருக்கற அந்தப் பக்கத்துலயே மடிச்சு இருக்கு.