செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்குகிறீர்களா? பயாஸ் பூட்டியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்

சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள், காசை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பயாஸ் என்பது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை புரோகிராம்; அதன் செட்டிங்ஸ் மெனுவைத்தான் பூட்டி வைக்கிறார்கள்.

நான் வாங்கியது ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஏதோ ஒரு கம்பெனி மொத்தமாகக் கழித்துவிட்ட சரக்கு. விலை 14,500 ரூபாய். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஒழுங்காக ஓடும் மெஷின்தான் வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கினேன். யூடியூப் ஓட்டிக் காட்டி, மூன்று மாத வாரண்டி என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்கள்.

குட்டு வெளிப்பட்டது அண்ணன் மகனால். வாலரண்ட் விளையாட்டை ஏற்றிப் பார்த்தான், ஓடவில்லை. விண்டோஸ் 11-ல் அது ஓட வேண்டுமென்றால் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் காவல்), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இரண்டும் ஆனில் இருக்க வேண்டுமாம். “சித்தப்பா, இதுல ரெண்டுமே ஆஃப்” என்றான். விளையாட்டு கிடக்கட்டும், விண்டோஸ் 11-க்கே டிபிஎம் 2.0 வேண்டும் என்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் விதி. அந்தச் சோதனையை ஏய்த்து ஏற்றித் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

சரி, பயாஸில் ஆன் செய்துகொள்ளலாம் என்று உள்ளே போனால் எல்லா வரியும் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒன்றையும் மாற்ற முடியவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் கடைக்காரரின் சாமர்த்தியம். மெஷினைக் கிளப்பும்போதே கேட்கும் பாஸ்வேர்டு இருந்தால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். அட்மின் பாஸ்வேர்டு அப்படியில்லை. கம்ப்யூட்டர் சமத்தாக ஓடும். பல மாடல்களில் பயாஸ்கூடத் திறக்கும். பார்க்கலாம், தொட முடியாது. ஊழியர்கள் பென் டிரைவிலிருந்து பூட் செய்யாமலிருக்க ஐடி ஆட்கள் போட்டு வைப்பது இது. கழிக்கும்போது எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டை விற்றுவிட்டு பீரோ சாவியைப் பழைய ஓனரே வைத்துக்கொண்ட மாதிரி.

போன் செய்தால் கடையில் முதலில் சொன்ன வைத்தியம்: “போர்டுல இருக்கிற பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க சார்.” அந்தக் காலத்து போர்டுகளுக்கு அது சரி. அவற்றில் பாஸ்வேர்டு பேட்டரி இருக்கும் வரைதான் நிற்கும். இப்போதைய ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் அது மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கடிகாரம் பின்னால் போனதுதான் மிச்சம். தயாரித்த கம்பெனியிடம் கேட்டால் வாங்கியதற்கான ஆதாரம் கேட்பார்கள். “சிபியு - 1” என்று எழுதிய கடை பில் எந்த மூலைக்கு?

நேரில் எடுத்துப் போனேன். “வாரண்டி ஹார்ட்வேருக்குத்தான். பாஸ்வேர்டு சாஃப்ட்வேர் கணக்கு” என்று 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது மெனு திறந்தது உண்மைதான். ஆனால் பயாஸில் காட்டிய சீரியல் நம்பர் ஒன்று, கேபினெட் ஸ்டிக்கரில் இருந்தது வேறொன்று. விண்டோஸ் ஆக்டிவேஷனும் போய்விட்டது. சிப்பை அழித்துவிட்டு, வேறு மெஷினிலிருந்து எடுத்த ஃபைலை அப்படியே எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி பிராண்டட் மெஷின்களில் விண்டோஸ் லைசன்ஸ் கீயும் அந்தச் சிப்பில்தான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் செய்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகுதான் மெஷினை மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். அப்போதும் முதலில் எடுத்து வைத்த மெஷின் பூட்டியதுதான்! “ஆபீஸ் மாடல்ல அப்படித்தான் சார் வரும்” என்றார் கூசாமல். அப்படியெல்லாம் வராது.

கடையில் செய்ய வேண்டியது இது. ஆன் செய்ததும் டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவா திங்க்சென்டர் என்றால் எஃப்1 தட்டி பயாஸுக்குள் போங்கள். திறப்பதோடு திருப்திப்படாதீர்கள். நம்லாக் மாதிரி ஆபத்தில்லாத ஒன்றை மாற்றி, சேவ் செய்து, ரீஸ்டார்ட் ஆனதும் மாற்றம் நிற்கிறதா என்று பாருங்கள். செக்யூரிட்டி பகுதியில் டிபிஎம் இருக்கிறதா, செக்யூர் பூட்டை ஆன் செய்ய விடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கேயே கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்று ஒரு வரி இருந்து, ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த மெஷினே வேண்டாம். அது திருட்டுப்போன கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு. பழைய கம்பெனி நினைத்தால் தூரத்திலிருந்தே பூட்டிவிடும். அப்புறம் சீரியல் நம்பரை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். “பயாஸ் பாஸ்வேர்டு இல்லை” என்று ஒரு வரியும் சேர்த்து. எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

மாற்றி வாங்கிய மெஷின் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அந்த 2,500 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை. சர்வீஸுக்குப் பில் கேட்டபோது, “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?” என்று கேட்டவர்கள், இப்போது அப்படி ஒரு வேலையே செய்யவில்லை என்கிறார்கள். யுபிஐயில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் புகாரோடு இணைத்திருக்கிறேன்.