கேப் போடும் முன் குறட்டையைச் சொல்லிவிடுங்கள்

இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எனக்கு இதில் ஒன்றரை வருடமும் 42,500 ரூபாயும் போயின.

காலையில் எழுந்தால் தாடை வலி, கூடவே தலைவலி. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று அம்மா மாத்திரை வாங்கித் தந்தார். சரி என்று அதையும் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்துத் தெருவிலிருந்த பல் கிளினிக்குக்குப் போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "பல் தேய்ந்திருக்கு, எல்லாம் டென்ஷன் சார்" என்றார் டாக்டர். 6,500 ரூபாய்க்கு ஒரு நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை. தேய்ந்த இரண்டு கடைவாய்ப் பற்களுக்குத் தலா 14,000 ரூபாயில் கேப், அதாவது பல்லின் மேல் நிரந்தரமாக ஒட்டும் மூடி.

நான்காவது மாதம் கார்டில் ஓட்டை விழுந்தது. அடுத்த மாதம் ஒரு கேப்பின் ஓரம் உடைந்தது. போய்க் காட்டினால், "நீங்க ரொம்ப அழுத்திக் கடிக்கிறீங்க, கேரண்டியில வராது" என்கிறார்கள். அழுத்திக் கடிக்கிறேன் என்றுதானே அங்கே போனேன்! மறுபடி தடிமனாக ஒரு கார்டு, 8,000. அதைப் போட்டுக்கொண்டு தூங்கிய நாட்களில் பகல் தூக்கம் இன்னும் கூடியது. சிக்னலில் வண்டி நின்றால் கண் சொக்கும்.

விஷயத்தைப் பிடித்தது என் மனைவி. குறட்டை திடீரென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிப் புரண்டு பல்லைக் கடிப்பதைப் போனில் வீடியோ எடுத்துவிட்டார். அதைப் பார்த்த நுரையீரல் டாக்டர் முதலில் டேப்பை எடுத்து என் கழுத்தை அளந்தார். 43 செ.மீ. கழுத்து தடித்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபட வாய்ப்பு அதிகமாம். இரவு முழுக்கத் தூக்கத்தையும் மூச்சையும் கருவியால் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவதாக வந்தது. அது 5க்குள் இருக்க வேண்டும். 30 வந்துவிட்டாலே தீவிரம்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. மூளை பதறி அரைகுறையாக விழிக்கும்போது சிலருக்குத் தாடையும் இறுகிப் பல் கடிபடுகிறது. பல் கடிக்கிற எல்லோருக்கும் இது இருக்காது என்பதையும் அவரே சொன்னார். மேல் பல்லில் மாட்டும் சாதாரண கார்டு சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டவும் செய்யலாமாம். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது.

நைட் கார்டே மோசடி என்று சொல்லவில்லை. பல் தேயாமல் அது காக்கும். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைத்து மூச்சுப் பாதையைத் திறக்கும் கருவியைக்கூடப் பல் டாக்டர்கள்தான் செய்து தருகிறார்கள். குறட்டை உண்டா, பகலில் தூங்கி வழிகிறீர்களா என்று இரண்டு கேள்வி கேட்காமல் பில் போட்டார்களே, அதுதான் என் கோபம். இந்த மூச்சுத் தடை உள்ள பலருக்கு ரத்த அழுத்தமும் இருக்கும். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைப் படிவத்தில் எழுதியிருந்தேன், அதையும் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள்.

இப்போது சிபாப் மாஸ்க்கோடு தூங்குகிறேன்; காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி அது. தாடை வலி பெருமளவு போய்விட்டது. ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த கிளீனிங் இலவசம் என்றார்கள்.