பிளாக்ஹீத், கல்கத்தா: இரண்டு ரக்பி கிளப்களின் தொடக்கம்

லண்டன் பிளாக்ஹீத் கிளப்பை 1858இல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் தொடங்கினார்கள். கல்கத்தா கிளப், 1872 கிறிஸ்துமஸ் அன்று அங்கே நடந்த ஓர் ஆட்டத்தின் உற்சாகத்தில், அடுத்த மாதமே பிறந்தது.

பிளாக்ஹீத் பிடிவாதமான கிளப். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதையும் கால்பந்துச் சங்கம் விதிகளிலிருந்து நீக்கியதால், 1863இல் அந்தச் சங்கத்தை விட்டே விலகியது. 1871இல் ரக்பி ஆட்டத்துக்கான சங்கமாக ரக்பி யூனியன் அமைந்தபோது உடன் நின்றது. இன்றும் ஆடுகிறது.

கல்கத்தாவில் ஆட ஆள் நிலைக்கவில்லை. ராணுவப் படைப்பிரிவு ஊர் மாறியது. வெயிலுக்கு டென்னிசும் போலோவும் தோதாக இருந்தன. கிளப்பில் கிடைத்த இலவச மதுவும் நின்றதும் உறுப்பினர்கள் கழன்றுகொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார்கள்.

ஆயுளைப் பார்த்தால் பிளாக்ஹீத்தான். ஆனால் எனக்குக் கல்கத்தாக்காரர்கள் மேல்தான் மதிப்பு அதிகம். வங்கியில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கல்கத்தா கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிவருகின்றன. எடின்பரோவில் நடந்த முதல் ஆட்டம் டிரா.