மெதுவாக ஓடுபவர்களுக்கு ஹொனலுலு மாரத்தான்

கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம் எடுப்பவள் நான். பல மாரத்தான்களில் ஆறு மணி நேரம் தாண்டினால் சாலையைத் திறந்துவிட்டு நம்மை நடைபாதைக்கு அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் உள்ள ஹொனலுலுவில் நேரக் கெடுவே கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் மாரத்தானுக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

டிசம்பர் ஞாயிறு, காலை 5 மணி. இருட்டில் வாணவேடிக்கையோடு கிளப்பிவிடுகிறார்கள். டயமண்ட் ஹெட் குன்றின் ஏற்றத்தை நான் நடந்தேதான் ஏறினேன்; பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

உண்மையான சோதனை கலனியானாவோலே நெடுஞ்சாலை. போவதும் திரும்புவதும் அதே சாலை என்பதால், நாம் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே வேகக்காரர்கள் எதிரே வீடு திரும்புகிறார்கள். நிழல் மருந்துக்கும் இல்லை. தன்னார்வலர் ஒருவர் நீட்டிய குளிர்நீர் ஸ்பாஞ்சைப் பிடரியில் பிழிந்தபோது போன உயிர் திரும்பி வந்தது.

'கொப்புளமே வராது' என்று ஊரில் ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய காலுறை, 30ஆவது கிலோமீட்டரில் வலது சுண்டுவிரலைக் கோலிக்குண்டு ஆக்கிவிட்டது. பழகாத காலுறையைப் போட்டது என் புத்திக்கெடுதல். அதற்குப் பிறகு ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை, நொண்டல்தான்.

கபியோலானி பூங்காவில் முடித்தபோது 7 மணி நேரம் 41 நிமிடம் ஆகியிருந்தது. எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விடுதிச் செலவுதான் கையைக் கடித்தது. ஒரு வருடம் முன்பே சேமிக்கத் தொடங்குங்கள்.