இருபத்தொரு இலையா, கோயில் காடா?

பிள்ளைகளுக்குப் பக்தியோடு இயற்கையையும் சேர்த்துச் சொல்லித்தர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மரக்கன்று நடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நட்ட கன்றைப் பிள்ளை மறுபடி போய்ப் பார்ப்பதில்லை. அதனால் அதை விட்டுவிட்டு, பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் வேலை வைக்கிற நான்கு வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விநாயகர் சதுர்த்தியின் 21 பத்திரம், அதாவது பூசைக்குப் படைக்கும் 21 வகை இலைகள். அருகு, எருக்கு, வன்னி, வில்வம், நாயுருவி, கண்டங்கத்தரி, கரிசலாங்கண்ணி என்று பட்டியல் போகும். பாதிக்குப் பாதி தெருவோரத்துச் செடிகள். நாயுருவியைத் தேடிப் போன பிள்ளையின் பாவாடையில் அதன் விதைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூரான நுனி தைக்கும். அந்தச் செடி ஊர் ஊராகப் போகும் வழி அதுதான் என்று நீங்கள் சொல்வதற்குள் பிள்ளையே சொல்லிவிடும். ஊமத்தை, அரளி, எருக்கு மூன்றையும் பெரியவர்கள்தான் பறிக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கடையில் கட்டாக வாங்கினால் இந்தப் பாடம் கிடைக்காது. இதில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: எல்லாம் பறிப்பதிலேயே முடிகிறது.

கோயில் காட்டில் இது தலைகீழ். புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில் காடுகளில் காசா, வீரை, பாலை மரங்கள் அடர்ந்து நிற்கக் காரணமே, ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு. அங்கே போனால் பிள்ளைகளைக் குனிந்து தரையைப் பார்க்க வையுங்கள். ஒரு குச்சியால் சருகை விலக்கினால் மேலே காய்ந்த இலை, அதற்கடியில் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சிய இலை, அதற்கும் கீழே ஈரமான கருமண். அப்புறம் எல்லைக்கு வெளியே தைல மரத் தோப்பில் இதே மாதிரி தோண்டிப் பார்க்கட்டும். சாமி குத்தம் என்று பாட்டி சொன்னதற்கு என்ன பலன் என்று அந்த மண்ணே காட்டிவிடும். நான்கில் என் முதல் தேர்வு இதுதான்.

ஞாயிறு பள்ளிக்கு, தேவாலயங்கள் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை கடைப்பிடிக்கும் படைப்பின் காலம் பொருத்தம். ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பாருங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அப்படியே செய்யலாம். படத்துக்கு வண்ணம் தீட்டுவதை விட்டு ஆலய வளாகத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்தாலே போதும்.

செலவே இல்லாதது ஒளு, அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது. நபிகள் ஒரு முத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்பது ஹதீஸ், அதாவது நபிகளின் சொல், செயல் பற்றிய பதிவு. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுதான் ஒரு முத். பிள்ளை குழாயில் ஒளு செய்யும்போது கீழே வாளி வைத்து, சேர்ந்த தண்ணீரை அளந்து காட்டுங்கள். மறுநாள் ஒரு குவளையில் செய்யட்டும். தினம் ஐந்து வேளை திரும்பத் திரும்ப வருவதால், பழக்கமாகப் படிவதில் இதை மற்ற மூன்றும் நெருங்க முடியாது.

கோயில் காட்டுக்கு மழை முடிந்து தை மாதத்தில் போங்கள். பாம்பு இருக்கும், பாதையை விட்டு இறங்க வேண்டாம். பூசாரியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். சில காடுகளில் பெண்பிள்ளைகளை ஓர் எல்லைக்கு மேல் விடுவதில்லை. பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் பாடம் எனக்கு வேண்டாம். அப்படிப்பட்ட இடமென்றால் வேறு காட்டைத் தேடுவேன்.