முள்ளு, லைட்டு, ஓபிடி டாங்கிள்: என்ஜின் சூடாவுறத முதல்ல சொல்றது எது?

கார் பாக்கப் போறவங்க மைலேஜ் கேப்பாங்க, டச் ஸ்கிரீன் எத்தன இஞ்ச்னு கேப்பாங்க, சன்ரூஃப் உண்டான்னு கேப்பாங்க, மீட்டர்ல டெம்பரேச்சர் முள்ளு இருக்கான்னு கேட்ட ஒருத்தர நான் இன்னும் பாக்கல. இப்ப ஓடுற வண்டி பலதுலயும் அந்த முள்ளே கிடையாது, ஒரு நீல லைட்டு ஒரு செவப்பு லைட்டு அவ்வளவுதான், சிலதுல செவப்பு மட்டும்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இத வச்சு மூணு கட்சி இருக்கு: முள்ளு இல்லாத வண்டி வண்டியே இல்லன்னு சொல்ற பழைய ஆளுங்க, லைட் போதும்டேன்னு சொல்றவங்க, வண்டி கம்ப்யூட்டர் சொல்றத படிச்சு போனுக்கு அனுப்புற ஓபிடி டாங்கிள்னு ஒரு சின்ன டப்பாவ சொருகி டிகிரி கணக்கா பாக்குற பயலுவ. மூணுலயும் ஓட்டிப் பாத்தவன்ங்கிற முறைல எது எங்க உதவும், எது எங்க கால வாரும்னு சொல்றேன்.

மொதல்ல லைட்டு கலர் கணக்கு, இது சுருக்கமா போதும். செவப்பு எரிஞ்சா நிறுத்து, மஞ்சள் எரிஞ்சா சீக்கிரம் காட்டு, நீலமும் பச்சையும் சும்மா தகவல். மஞ்சள்ல செக் என்ஜின் லைட் நிலையா எரிஞ்சா பதறாம வொர்க்‌ஷாப் போலாம், ஆனா அது மினுங்குச்சுன்னா சிலிண்டர்ல சரியா எரியலன்னு அர்த்தம், அப்படியே மிதிச்சு ஓட்டினா புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிரும், அது சின்ன செலவு இல்ல. செவப்புல எண்ணெய் கேன் படம், தெர்மாமீட்டர் படம், பேட்டரி படம் மூணும் முக்கியம். பேட்டரி லைட்டதான் பலரும் லேசா விடுறாங்க, "பேட்டரி வீக்கா இருக்கும், நாளைக்கு மாத்திக்கிடலாம்"னு. ஓடும்போது அது எரிஞ்சா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணலன்னுதான் அர்த்தம், ஒருபாடு வண்டில ஆல்டர்னேட்டர சுத்துற அதே பெல்ட்டுதான் வாட்டர் பம்பையும் சுத்துது, பெல்ட்டு அறுந்தா முதல்ல பேட்டரி லைட் வரும், கொஞ்ச நேரத்துல சூடு ஏறும். அதனால பேட்டரி லைட் வந்ததும் அடுத்து பாக்க வேண்டியது டெம்பரேச்சர். (சில என்ஜின்ல வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டுலயோ செயின்லயோ ஓடும், அதுல இந்தக் கணக்கு வராது.)

இனி முள்ளு. பழைய மகேந்திரா ஜீப்பு, மாருதி 800, அம்பாசடர் ஓட்டினவங்களுக்குத் தெரியும், ஏத்தம் ஏறினா முள்ளும் ஏறும், எறங்கினா எறங்கும், டிரைவர் ஒரு கண்ணு ரோட்டுல ஒரு கண்ணு முள்ளுலன்னு ஓட்டுவாரு. இப்ப உள்ள வண்டில முள்ளு அப்படி இல்ல, கேட்டீங்களா. முள்ளு கொஞ்சம் ஆடினாலே ஜனங்க பயந்து சர்வீஸ் சென்டர்ல போய் நிக்காங்கன்னு கம்பெனிக்காரன் முள்ள நடுவுல கெட்டிப் போட்டுட்டான். தோராயமா 75 டிகிரில இருந்து 105 வரைக்கும் எங்க இருந்தாலும் முள்ளு நட்ட நடுவுல அசையாம நிக்கும். அதுக்கு மேல போனாதான் ஏற ஆரம்பிக்கும், அப்புறம் மடமடன்னு ஏறிரும். அதனால "முள்ளு நடுவுலதான இருக்கு"ங்கிறதுக்கு நீங்க நினைக்குற அளவுக்கு மதிப்பு இல்ல. ஆனா ஒண்ணு, நடுவுல இருந்து ஒரு நூல் மேல போனாலும் அது நிஜம், அப்பவே ஓரம் கட்டலாம், செவப்பு லைட் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு நிமிஷமாவது கைல கிடைக்கும். அந்த ஒரு விஷயத்துல லைட்ட விட முள்ளு கொள்ளாம்.

லைட்டுல நீலம் என்ஜின் குளுந்து கெடக்குன்னு சொல்றது, காலைல எடுத்ததும் எரியும், ஒரு ரெண்டு மூணு கிலோமீட்டர்ல அணையும், அது வரைக்கும் பைய ஓட்டுங்க, வேற ஒண்ணும் இல்ல. நல்லா ஓடி சூடான பெறவும் நீலம் அணையலன்னா என்ஜின ஆத்துற கூலன்ட்ட திறந்து விடுற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு சந்தேகப்படலாம், மைலேஜும் குறையும். செவப்பு விஷயத்துல ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. ஹோண்டால, இன்னும் சில கம்பெனி வண்டிலயும், செவப்பு முதல்ல மினுங்கும், அதுக்கு அப்புறந்தான் நிலையா எரியும். மினுங்கும்போதே ஆக்சிலேட்டர விட்டு, ஏசிய அணைச்சு, மெதுவா போனா பல நேரம் தப்பிச்சுக்கிடலாம், நிலையா எரிஞ்சா அதுக்கு மேல ஒரு பர்லாங்கு கூட ஓட்டக்கூடாது. உங்க வண்டில எப்படின்னு டாஷ்போர்டு பெட்டிக்குள்ள பிரிக்காம கெடக்குற மேனுவல்ல ஒரு பக்கம் பாத்தா போதும்.

லைட்டோட பெரிய குறை, அது வர்ற வரைக்கும் ஒண்ணுமே சொல்லாது. 90லயும் ஊமை, 108லயும் ஊமை. பழைய வண்டி வாங்குறவங்க இன்னொண்ணும் பாக்கணும்: சாவிய ஆன்ல போட்டதும் எல்லா லைட்டும் ரெண்டு மூணு செகண்டு எரிஞ்சு அணையணும். எரியாத லைட்டு இருந்தா பல்பு போயிருக்கு, இல்லன்னா விக்குறவன் வேணும்னே எரியாம பண்ணியிருக்கான். செக் என்ஜின் லைட்டுக்கு இந்த சோலி நடக்குறது உண்டு, அதனால ஸ்டார்ட் பண்ணினதுக்கு அப்புறம் மீட்டர பாக்காதீங்க, அதுக்கு முன்னாடி பாருங்க.

மூணாவது ஓபிடி. ஸ்டீயரிங்குக்குக் கீழ, முட்டிக்கு மேல ஒரு 16 பின் சாக்கெட் இருக்கும்லா, அதுல சொருகுற தீப்பெட்டி சைஸ் டப்பா. பிஎஸ்-4 புகை விதி காலத்துல 2013க்குப் பிறகு வந்த பெட்ரோல் டீசல் கார்ல பொதுவா வேலை செய்யும். ஈஎல்எம்327னு போட்ட சைனா டப்பா சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, புளூடூத்துல போனோட சேத்து ஒரு ஆப் போட்டா கூலன்ட் டெம்பரேச்சர் டிகிரில வரும். ஐபோன்காரங்க வைஃபை மாடலோ புளூடூத் எல்இ மாடலோ பாத்து வாங்கணும், சாதா புளூடூத் டப்பா ஐபோன்ல ஒத்து வராது.

இத போட்டுக்கிட்டு சாயங்காலம் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ, சந்தைக்குத் திரும்புற எடத்துல நின்னா என்ஜின் எப்படி மூச்சு விடுதுன்னு தெரியும். ஏசி போட்டு வண்டி நகராம நிக்குது, போன்ல 91, 93, 96ன்னு ஏறுது, 98 தொட்டதும் முன்னாடி ஃபேன் வேகமா சுத்துற சத்தம் கேக்கும், நம்பர் அங்கயே கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சு அப்புறம் 97, 95, 93ன்னு எறங்கும், ஃபேன் சத்தம் குறையும், மறுபடி ஏறும். இதுதான் ஆரோக்கியம். இந்த ஏத்த எறக்கம் முழுக்க நடக்கும்போது முள்ளு வண்டில முள்ளு அசையவே அசையாது. உங்க வண்டியோட வழக்கமான நம்பர் என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா, ஒரு நாள் அது 102, 104ன்னு போகும்போதே ஃபேன் மோட்டாரோ ரிலேயோ மக்கர் பண்ணுதுன்னு புரிஞ்சிரும், லைட் வரணும்னு இல்ல. ஆப்லயே 105க்கு அலாரம் வச்சுக்கிட்டா போன பாத்துக்கிட்டு ஓட்ட வேண்டியதும் இல்ல.

எடத்த வச்சு சூட்டுக்குக் காரணத்தயும் பிரிச்சுப் பாக்கலாம், அதுக்கு நம்ம மாவட்டம் மாதிரி வசதியான எடம் வேற கிடையாது. களியக்காவிள, மார்த்தாண்டம், வடசேரி மாதிரி ஊர்ற டிராஃபிக்ல மட்டும் சூடாகி, ரோடு கிடைச்சதும் எறங்கிருதுன்னா அது ஃபேன் பிரச்சன, ஏன்னா ஓடும்போது எதிர்காத்தே ரேடியேட்டர ஆத்திரும். அதுக்கு நேர் மாறா டவுனுக்குள்ள நல்லா இருந்து, தோவாளை தாண்டி நாலுவழிச் சாலைல பிடிச்சுப் போகும்போதோ பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ஏத்தத்துலயோ சூடாச்சுன்னா ஃபேன மாத்தி பிரயோஜனம் இல்ல, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் முழுசா திறக்கல, வாட்டர் பம்ப், கூலன்ட் குறைவு, இதுல ஒண்ணு. ஆரல்வாய்மொழி கணவாய்ல ஆனி ஆடில ஒரு கூத்து உண்டு, காத்து மேக்க இருந்து தள்ளும், திருநெல்வேலி பக்கம் போறப்ப காத்து முதுகுல அடிக்கும், அதனால ரேடியேட்டருக்கு கிடைக்குற எதிர்காத்து குறையும், அரைகுறை அடைப்பு உள்ள வண்டி போறப்ப சூடாகும் திரும்பி வர்றப்ப சுகமா வரும். மெக்கானிக் கிட்ட இத சொல்லாம "சில நேரம் சூடாகுது அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னா அவரு என்ன செய்வாரு பாவம்.

ரேடியேட்டர் அடைப்புன்னதும் எல்லாரும் உள்ள மட்டும் நினைக்காங்க. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கடக்கரையோரம் நிக்குற வண்டில உப்புக்காத்து பட்டு அலுமினிய ஃபின்னு தொட்டா பொடியா உதிரும். குலசேகரம், திற்பரப்பு பக்கமா ஓடுற வண்டிக்கு ரப்பர் எல உதிர்ற மாசத்துல எலயும் தூசியும் ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல போய் மெத்தை போட்டுரும், வெளிய இருந்து பாத்தா தெரியாது. பைய வெள்ளம் விட்டு கழுவணும், வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்ன கிட்ட வச்சு அடிச்சா ஃபின்னு மடங்கிரும்.

இப்ப மூணு கட்சிக்கும் பொதுவான ஓட்டை ஒண்ணு சொல்லணும். முள்ளு, லைட்டு, ஓபிடி மூணும் பெரும்பாலான வண்டில ஒரே சென்சார நம்பித்தான் பேசுது. அந்த சென்சார் கூலன்ட்ல முங்கி இருக்குற வரைக்கும்தான் சொல்றது சரி. ஹோஸ் வெடிச்சு கூலன்ட் முழுக்க ஒழுகிட்டா சென்சார சுத்தி வெறும் ஆவியும் காத்தும்தான், அது குறைச்சலா காட்டலாம், ஏறி எறங்கி உளறலாம், உள்ள என்ஜின் வெந்துக்கிட்டு இருக்கும். டிகிரி வரைக்கும் காட்டுற ஓபிடியும் இங்க முள்ளு மாதிரியேதான் ஏமாறும். ஓபிடில நம்பர் திடீர்னு குதிச்சு விழுந்துச்சுன்னா சந்தோசப்படாம நிறுத்திப் பாருங்க. வேற துப்பும் உண்டு: ஹீட்டர் போட்டா குளுந்த காத்து வரும், இனிப்பா ஒரு வாசன வரும், ஏசி குளுர்ச்சி தானா நின்னுரும், ஏன்னா ரொம்ப சூடானா கம்ப்ரஸர கட் பண்ற மாதிரி பல வண்டில செட் பண்ணியிருப்பான். காசே செலவில்லாத நாலாவது மீட்டர் பானெட்டுக்குள்ள கூலன்ட் நிக்குற வெள்ள பாட்டில்தான், என்ஜின் ஆறினப்ப லெவல் மின், மேக்ஸ்னு போட்ட ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும், வாரா வாரம் கொறஞ்சா எங்கயோ ஒழுகுது.

கொறஞ்சா எத ஊத்துறது? நம்ம ஊர்ல பனியா விழுது, ஆன்டிஃப்ரீஸ் எதுக்கு, கெணத்து வெள்ளம் போதும்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. சூட்ட எடுத்துட்டுப் போறதுல வெறும் தண்ணி கூலன்ட்ட விட மேலதான், அது உண்மை. ஆனா கூலன்ட்டோட வேல துரு பிடிக்காம காக்குறது, கொதிநிலைய ஏத்துறது. கடக்கரப் பக்கத்து போர் தண்ணில உள்ள உப்பு அலுமினியத்த அரிச்சுரும், சுண்ணாம்பு உள்ள குழாய்ல படியும். என் ஓட்டு ரெடிமிக்ஸுக்கு, அளவு பாத்து கலக்குற தலைவலி கிடையாது. கான்சன்ட்ரேட் வாங்கினா டிஸ்டில்டு வாட்டர்ல 30ல இருந்து 50 சதவீதம், மேனுவல்ல சொன்னபடி. பச்சை, சிவப்பு, பிங்க்னு கலர் பாத்து கலக்காதீங்க, கலருக்கு பொது விதி எதுவும் கிடையாது, ரகம் மாறி கலந்தா சிலது கூழாயிரும். நடுவழில வேற வழியே இல்லன்னா குடிக்குற பாட்டில் தண்ணி ஊத்தி வீடு வந்து சேருங்க, அப்புறம் ஃப்ளஷ் பண்ணிக்கிடலாம்.

சூடாயிருச்சு, செவப்பு வந்தாச்சு. உடனே ஆஃப் பண்ணணுமா, ஓட விட்டு ஆத்தணுமான்னு டீக்கடைல எப்பவும் சண்ட. ரெண்டும் சரிதான், எப்பங்கிறதுலதான் வித்தியாசம். ஆவி பொங்குதுன்னா யோசிக்காம ஆஃப். ஆவி இல்ல, ஃபேன் சுத்துதுன்னா ஓரம் கட்டி ஏசிய அணைச்சு, ஹீட்டர முழு சூட்டுல வச்சு, கண்ணாடிய எறக்கி ஐடில்ல விட்டா சூடு எறங்கும், ஏன்னா பம்பும் ஃபேனும் ஓடிக்கிட்டு இருக்கு. ஃபேன் சுத்தலன்னா ஐடில்ல விடுறது வேல கெடுக்கும், ஆஃப் பண்ணிருங்க. ரேடியேட்டர் மூடிய மட்டும் தொடாதீங்க, உள்ள குக்கர் மாதிரி அழுத்தம், தெறந்தா மூஞ்சில அடிக்கும், அர மணி நேரமாவது போகட்டும். சூடான பிளாக்குல பச்சத் தண்ணி ஊத்துறதும் வேண்டாம், சிலிண்டர் ஹெட்டு வளைஞ்சா கேஸ்கெட் போகும், கூலன்ட் கலந்து ஆயில் பால்காப்பி கலர்ல மாறும், அந்த பில்லு பெரிசு.

ஆக என் கணக்கு: முள்ளு உள்ள வண்டி வச்சிருக்குறவங்க, டவுனுக்குள்ளயே ஓட்டுறவங்க டாங்கிள் வாங்கணும்னு இல்ல, பாட்டில பாத்தா போதும். லைட் மட்டும் உள்ள வண்டி, அஞ்சு வருசம் தாண்டியாச்சு, திருவனந்தபுரம் திருநெல்வேலின்னு அடிக்கடி ஓட்டம், இல்ல மலப்பக்கம் வீடுன்னா டாங்கிள் கண்டிப்பா வாங்குங்க, வண்டி போடுற பழுது கோடு நம்பர படிக்கவும் உதவும், பி0217னு வந்தா ஓவர்ஹீட், பி0128னு வந்தா தெர்மோஸ்டாட் பக்கம் பாக்கணும், பி0117 பி0118 வந்தா சென்சாரோ வயரோ. வாங்கினா ராத்திரி கழட்டி வச்சுருங்க, சவம் அது சும்மா கெடந்தும் கரண்ட்ட குடிக்கும், நாள் கணக்கா எடுக்காத வண்டில சொருகி விட்டுட்டுப் போனா வந்து பாக்கும்போது பேட்டரி எறங்கி கெடக்கும்.